மூன்று இடத்தில் கேட்டால் மட்டும் காணாது

ஒரே விசயத்தைப் பல வழிகளால் கேட்டுப் பார்த்து ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் முக்கோணமாக்கல். எண்ணிக்கையை அல்லாமல் மனிதரின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வில் அதை எப்படிச் செய்வது என்பது பற்றித் திருகோணமலைப் பக்கத்து ஐந்து ஊர்களிலிருந்து வந்த குறிப்புகள் இவை.

உப்புவெளியிலிருந்து:

மீனவர் குடும்பங்களின் கடன் பற்றிய ஆய்வையே உதாரணத்துக்கு எடுக்கிறேன். பண்புசார் ஆய்வில் முக்கோணமாக்கல் எங்கே பிழையாகும் என்பது அதில் பளிச்சென்று தெரியும். களத்தில் திரும்பத் திரும்பக் காண்பது இது. மீனவர் சங்கத் தலைவர் பன்னிரண்டு பேரின் பெயர் தருவார். அவர்களை நேர்காணல் செய்வார்கள். பிறகு அவர்களிலேயே எட்டுப் பேரைச் சங்கக் கட்டடத்தில் இருத்திக் குழுக் கலந்துரையாடல். கடைசியாகச் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் படமெடுப்பார்கள். அறிக்கையில் 'மூன்று முறைகள்' என்று வரும். மூன்றும் ஒரே வாசலால் வந்தவை. தலைவரோடு முரண்பட்டவர், சந்தா கட்டாமல் விலகியவர், தோணி இல்லாமல் கூலிக்குப் போகிறவர் எவரும் மூன்றிலும் இல்லை. பிறகு பதில்கள் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஆட்களை எடுக்கும் வழியையே பிரிக்க வேண்டும். சங்கப் பட்டியலிலிருந்து நாலு பேர், கிராம உத்தியோகத்தர் காட்டும் குடும்பங்களில் நாலு, விடியப்புறம் தோணி கரைக்கு வரும் இடத்தில் நேரே கேட்டு நாலு. குழுவில் இருப்பவர்கள் நேர்காணலில் இல்லாதவர்களாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் எந்த வழியால் வந்தார் என்பதை ஆள் எண்ணோடு சேர்த்து எழுதி வைக்காவிட்டால், பிறகு முரண் வரும்போது காரணம் தேட முடியாது.

கிண்ணியாவிலிருந்து:

உப்புவெளி அண்ணை சொன்ன வாசல் கதை முறைகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் சாயும் என்று முதலே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பக்கம் சாயும் இரண்டைச் சேர்த்தால் பிழைதான் உறுதிப்படும்.

நேர்காணலில் 'கடன் இருக்கா?' என்று மொட்டையாகக் கேட்டால் வங்கிக் கடனும் நுண்கடனும்தான் வரும். நகை அடகு, கைமாற்று, கடைக் கொப்பி, சீட்டு, மீன் முதலாளி தந்த முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆவணம் என்றால் கடன் புத்தகமும் அடகுச் சீட்டும். அதில் இலக்கம் சரியாக இருக்கும், ஆனால் வாய்ப்பேச்சுக் கடன் ஒன்றும் இராது. குழுக் கலந்துரையாடலை நுண்கடன் குழு கூடும் வீட்டில் வைக்கவே கூடாது. அங்கே இருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றவர்கள். தவணை தவறினால் பக்கத்தில் இருப்பவர் கட்ட வேண்டிவரும் என்ற நிலையில் யார் வாய் திறப்பார்? ஆறு முதல் எட்டுப் பேர், ஆண்களும் பெண்களும் வேறு வேறாக, ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாமல், பொதுவான ஓர் இடத்தில் வைத்தால் போதும்.

அவதானிப்பின் அருமை முன்பணத்தில்தான் தெரியும். முதலாளி இயந்திரத்துக்கோ வலைக்கோ காசு கொடுத்திருந்தால் பிடித்த மீனை அவருக்கே விற்க வேண்டும், விலையும் குறைவு. வட்டி என்று எந்தக் கொப்பியிலும் இராது. கேட்டால் 'அவர் வட்டி எடுக்கிறதில்லை, நல்ல மனுசன்' என்பார்கள். அதே காலையில், அதே தரச் சூரை மீனுக்கு இரண்டு தோணிக்கு இரண்டு விலை போடப்படுவதைக் கரையில் நின்று குறித்தால்தான் அந்த வட்டி கண்ணுக்குப் படும். மீனின் வகை, பருமன், நிறை, கிலோ விலை, யார் வாங்கினார் என்று ஐந்து நிரல் போதும். முதல் இரண்டு மூன்று நாள் குறிப்பைத் தனியே வையுங்கள். புது ஆள் நிற்கிறார் என்று பேச்சும் விலையும் மாறக்கூடும்.

மூதூரிலிருந்து:

சேர்த்த தரவை ஒப்பிடும் இடத்தில்தான் கனபேர் கைவிடுகிறார்கள். எக்செல் தாள் ஒன்று திறந்து, வரிசைக்கு ஒரு கூற்று எழுதுங்கள். 'கடன்' என்று தலைப்பு வேண்டாம். 'முன்பணம் வாங்கியவர் குறைந்த விலைக்கு விற்கிறார்' என்று முழு வசனமாக எழுத வேண்டும். நிரல்களில் நேர்காணல், குழு, ஆவணம், அவதானிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஒன்று: ஒத்துப்போகிறது, பாதி ஒத்துப்போகிறது, முரண்படுகிறது, மௌனம். பக்கத்தில் எந்த ஆவணம், எத்தனையாவது வரி என்ற குறிப்பு.

மௌனத்தை வெற்றுக் கட்டமாக விட்டுவிடாதீர்கள். நேர்காணலில் பலர் சொன்ன நகை அடகு குழுவில் ஒருதரம்கூட வரவில்லையென்றால், எதை நாலு பேர் முன் சொல்லக் கூடாது என்று அந்த ஊர் நினைக்கிறது என்பது அங்கே கிடக்கிறது. முரணும் அப்படித்தான். மனைவி ஒரு தொகை, கணவர் ஒரு தொகை சொன்னால் சராசரி எடுப்பவர்கள் உண்டு. பண்புசார் ஆய்வில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. யார் எந்தக் கடனை அறியாமல் இருக்கிறார் என்பதே கண்டுபிடிப்பு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சரிபார்க்கிறோம் என்று ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது. 'உங்கட மனுசி வேற மாதிரிச் சொன்னவ' என்று ஒரு வார்த்தை போதும், வீட்டில் சண்டை. ஆய்வு முடிந்து நீங்கள் போய்விடுவீர்கள். கேள்வியை மாற்றிப் பொதுவாகக் கேளுங்கள். எழுதும்போதும் கவனம்: 'கணவனை இழந்த, இரண்டு தோணி வைத்திருக்கும் பெண்' என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

கன்னியாவிலிருந்து:

சமூகவியலாளர் நோர்மன் டென்சின் 1970இல் முக்கோணமாக்கலைத் தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை என்று நாலு வகையாகப் பிரித்தார். மாணவர்கள் நாலையும் செய்யப் பார்க்கிறார்கள், தேவையில்லை. ஒரே தரவை வெவ்வேறு கோட்பாடுகளால் பார்க்கும் கோட்பாட்டு வகையைப் பட்டப்படிப்பு ஆய்வில் உருப்படியாகச் செய்வது அபூர்வம். ஆய்வாளர் வகை மலிவு: ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய முதல் மூன்று எழுத்துப்படிகளை இரண்டு பேர் தனித்தனியே குறியீடிட்டு (ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் வைத்து), பிறகு ஒன்றாக இருந்து வேறுபட்ட இடங்களைப் பேசி, முடிவைக் குறியீட்டுக் கொப்பியில் திகதியோடு எழுதுவது. ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படித்த இருவர் என்றால் சும்மா ஒத்துப்போவார்கள். ஒருவர் கரையோரத்து ஆளாகவும் மற்றவர் வெளியாளாகவும் இருந்தால் சண்டை வரும். அந்தச் சண்டைதான் வேண்டும். சிங்கள நேர்காணலைச் சிங்களத்திலேயே எழுத்துப்படியாக்கிக் குறியீடிடுங்கள், மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் போகும். அதைக் கணக்குப் பார்த்து ஆட்களின் தொகையை முடிவு செய்யுங்கள்.

நிலாவெளியிலிருந்து:

காலத்தை ஒருவரும் சொல்லவில்லை. டென்சின் தரவு வகையை ஆள், இடம், காலம் என்று மேலும் பிரித்ததில் எங்கள் கடலுக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஆவணியில் கடல் அமைதி, கரைவலை ஓடும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள் வந்து வாடி (கரையில் தற்காலிகக் குடிசை) போட்டிருப்பார்கள். மார்கழியில் வாடைக்காற்று, தொழில் படுத்துவிடும். கடன் எடுப்பது மார்கழியில், கட்டுவது ஆவணியில். ஆவணியில் மட்டும் கேட்டுவிட்டு 'கடன் சமாளிக்கக்கூடியதாக உள்ளது' என்று முடித்த ஆய்வை மூன்று முறை, நாலு முறை சேர்த்தும் காப்பாற்ற முடியாது. இரண்டு சுற்றுக்குக் காசில்லையென்றால் வாடைக்காலத்தில் ஒரே சுற்றாகப் போங்கள். ஆவணிக் கணக்கை முதலாளியின் கொப்பியிலும் அடகு மீட்ட சீட்டிலும் பின்னோக்கிப் பார்க்கலாம்; மார்கழியில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எந்தக் கொப்பியும் சொல்லாது.