சென்ட்ரல் சென்சிடைசேஷன்: ‘கூச்சமேறல்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

சின்னத் தூண்டலுக்கே தண்டுவடமும் மூளையும் அளவுமீறி வலியை உண்டாக்கும் நிலைதான் சென்ட்ரல் சென்சிடைசேஷன், அதற்குத்தான் இங்கே தமிழ்ச்சொல் தேடுகிறோம். நேற்று ஒருவர் முன்வைத்த ‘மைய மிகையுணர்திறன்’ அகராதியில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூன்று வருடமாக முதுகுவலியோடு இருப்பவரிடம் சொன்னால், திறன் என்றதும் ஏதோ நல்ல விஷயம் என்றல்லவா நினைப்பார்? இன்னொரு யோசனையான ‘மூளைவலி’யும் வேண்டாம். 1983-ல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் இந்த நிலையைக் காட்டியது தண்டுவடத்தில். தவிர, வலி மூளையில் இருக்கிறது என்றால் நோயாளியின் காதில் ‘நடிக்கிறாய்’ என்றுதான் விழும்.

எனக்குத் தோன்றுவது கூச்சம். ஐஸ் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்கிறோமே, தண்ணீர் அதேதான், மாறியது பல். (பல்லில் காரணம் வேறு, எனாமல் தேய்வது, நான் சொல்வது அனுபவத்தை.) இங்கேயும் காயம் ஆறி மாதக்கணக்கான பிறகும் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் சின்னத் தூண்டலுக்கே எக்கச்சக்கமாகத் துடிக்கின்றன, வலியை அமுக்க மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் கட்டளையும் பலவீனமாகிவிடுகிறது, கடைசியில் சட்டை உரசினாலே வலி. ஆகவே ‘மைய நரம்புக் கூச்சமேறல்’. காயம்பட்ட இடத்திலேயே நடப்பதற்குப் ‘புற நரம்புக் கூச்சமேறல்’ என்று ஜோடியும் அமைகிறது.

கூச்சம் என்றால் வெட்கம் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். பற்பசை விளம்பரத்தைப் பார்த்துப் பல் வெட்கப்படுகிறது என்று யாரும் நினைத்ததில்லை.

‘ஏறல்’ மட்டும் அவசியம் வேண்டும். அதற்குப் பதில் ஒருவர் ‘சிதைவு’ என்று எழுதியிருந்தார், அதை நான் ஏற்கமாட்டேன். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால் நெடுநாள் வலிபட்டவர்களுக்கு மூளையில் சில இடங்களில் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) குறைந்திருந்ததையும், மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வலி நின்றதும் அது திரும்பக் கூடியதையும் ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது மாற்றம் நிரந்தரமில்லை, ஏறியது இறங்கும். சிதைந்தது என்றால் அதோடு கதை முடிந்தது, நோயாளியும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அப்புறம் அலோடினியா, அதாவது சாதாரணமாக வலிக்காத தூண்டலே வலிப்பது. ‘தொடுவலி’ போதும் என்றிருந்தேன், ஆனால் குளிர்காற்று பட்டாலே துடிக்கிறவர்களும் உண்டே, அதைத் தொடுதல் என்பதா? ‘படுவலி’ என்று வைத்தால், படுபயங்கர வலி என்று படித்துவிடுவார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.