குழந்தை உழைப்பு: வெளிநாட்டார் சரக்கை நிறுத்தினால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

காட்பாடி மாணவன்:
கல்லூரியில் பட்டிமன்றம் வைக்கிறார்கள். ஏழை நாட்டுத் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்தால் பணக்கார நாடுகள் அந்தச் சரக்கை வாங்காமல் நிறுத்த வேண்டுமா என்பது பொருள். நிறுத்தக் கூடாது என்று பேசப் போகிறேன். என் ஆதாரம் வங்கதேசம். 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின், குழந்தைகள் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனாலும் பயந்துபோன ஆடைத் தொழிற்சாலை முதலாளிகள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார்கள். சுமார் 50,000 பேர் என்று யூனிசெஃப் மதிப்பிட்டது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கப் போனார்கள், தெருவில் அலைந்தார்கள், சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள். நல்லது செய்கிறேன் என்று பிள்ளைகளின் வயிற்றில் அடித்ததுதான் மிச்சம். நம் பக்கம் பீடி, தீப்பெட்டி, தோல் எல்லாம் இருக்கிறதே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாலாற்றங்கரை:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பாலாற்றில் தண்ணீர் இல்லை, விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. தோலும் ஷூவும் இல்லையென்றால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் என்ன செய்யும்? காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களைப் பாருங்கள். அவர்கள் வாங்கும் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு சிறுமி அம்மாவுக்கு ஊசி கோத்துக் கொடுத்ததைப் படம் எடுத்து ஐரோப்பாவில் காட்டினால், ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும். நஷ்டம் அந்த அம்மாவுக்குத்தான்.

குடியாத்தம் அக்கா:
நான் சின்ன வயதில் பீடி சுற்றியவள். தூளும் இலையும் அள்ளிப்போட்ட முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வளர்ந்தேன். அதனால் எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டாம், படித்தால் போதும்.

வெளிநாட்டார் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி பீடிக்குப் பொருந்தாது. 1999-இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கொத்தடிமைக் குழந்தைகள் செய்தது என்று சொல்லி ஓர் இந்திய நிறுவனத்தின் பீடியைத் தடுத்தது. அதனால் எங்கள் தெருவில் ஒரு கட்டு குறையவில்லை. பீடியைப் புகைப்பவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு ஆட்கள்தான்.

பிள்ளை எப்படி இந்த வேலைக்கு வருகிறது என்பதைச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது அக்காவுக்குக் கல்யாணம். முன்பணம் வாங்குகிறார்கள். அதை அடைக்கப் பிள்ளை போகிறது. பெரியவர்கள் சுற்ற, பிள்ளை நூல் கட்டி முனை மடக்கும். கூலியில் கடனுக்குப் பிடித்தம் போகும், ஆனால் கடன் குறையாது. இலை மோசம், சுற்றியது சரியில்லை என்று தள்ளுபடி வேறு. தள்ளிய பீடிக்குக் கூலி கிடையாது. எங்கள் வட ஆற்காட்டில் இப்படிப் பிள்ளைகளை அடமானம் வைத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 1996-இல் எழுதி உலகத்துக்கே தெரிந்துபோனது. பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1933-இலேயே வந்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் இல்லாமலா இதெல்லாம் நடந்தது?

கம்பெனி பாஸ்புக் அம்மா பெயரில் இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அதில் எழுதுவார்கள். அந்த ஆயிரத்தில் பிள்ளை சுற்றியது எத்தனை என்று எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது.

பாலாற்றங்கரை:
அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வீட்டுத் தொழிலில் பிள்ளை கைகொடுப்பதையும் கொத்தடிமையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். குடியாத்தம் கைத்தறி லுங்கி நெய்கிறவர் மகன் நெசவு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துத்தான் தொழில் கற்றுக்கொண்டான். சட்டமே பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அனுமதிக்கிறது.

பேரணாம்பட்டு வாத்தியார்:
அந்த அனுமதியைத்தான் நான் எதிர்க்கிறேன். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது, நல்ல விஷயம். கூடவே குடும்பத் தொழிலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஆபத்தான தொழில் என்றால் அந்தக் கதவு கிடையாதாம். ஆனால் வீட்டுக்குள் எது பள்ளி நேரம், எது உதவி, எது ஆபத்து என்று போய்ப் பார்ப்பது யார்? ஒப்பந்தக்காரர் கொடுத்த இலையை வைத்துக்கொண்டு அவருக்காக அவர் சொன்ன கூலிக்குச் சுற்றுவது எப்படிக் குடும்பத் தொழில் ஆகும்? லாபம் குடும்பத்துக்கு வராத தொழில் அது. என் வகுப்பில் காலையிலேயே கண் செருகி உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைக் கேட்டால், ராத்திரி வேலை இருந்தது சார் என்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் வந்திருக்கிறார்கள். கணக்கில் குறையே இல்லை.

மாணவத் தம்பிக்கு ஒன்று. வங்கதேசக் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1995-இல் அந்த நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பள்ளியில் இடம் தயாராகும் வரை பிள்ளையை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பள்ளிக்கு வந்தால் மாதம் ஓர் உதவித்தொகை என்று அதில் இருந்தது. தடை வேண்டாம் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பள்ளியும் பணமும் முன்னால் வர வேண்டும் என்பதற்குத்தான் ஆதாரம்.

காட்பாடி மாணவன்:
சரி சார், அந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் அது வெளிநாட்டுப் பணம் வந்த இடம். இங்கே யார் கொடுப்பார்கள்? உச்ச நீதிமன்றம் 1996-இல் சிவகாசி வழக்கில், வேலை வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் ஒரு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. பீடியில் வேலை வைத்தவர் யார் என்று காட்டவே முடியாதே!

பேரணாம்பட்டு வாத்தியார்:
நம் வேலூர் மாவட்டத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். 1990-களில் இங்கே ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுத் தனிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பத்து வயதில் முதல்முறை எழுத்தைப் பார்க்கிற பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது ஓடிவிடும். அதனால் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அவர் சென்னை மாநகராட்சிக்குப் போனபோது அதே வழி செயல்வழிக் கற்றலாக வளர்ந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பீடிக்காரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதில் மாநிலமே படித்தது. செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

குடியாத்தம் அக்கா:
சார் சொல்வது நடந்தது. ஆனால் பள்ளி மட்டும் போதாது. அம்மாவுக்கு ஆயிரத்துக்கு என்ன கூலி என்பதில் கை வைக்காமல் பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு போனால், கடன் அடுத்த பிள்ளை மேல் ஏறும். இல்லையென்றால் அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்து இருமுவாள்.

பாலாற்றங்கரை அண்ணனிடம் கேட்கிறேன். தொழிற்சாலை வேலை நல்லது என்கிறீர்கள். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரியவர்களின் உயிரே அந்த விலைக்குத்தான் போகிறது. இதை விட்டால் பட்டினி என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறீர்கள்.

பாலாற்றங்கரை:
அந்தச் சாவை நானும் மறக்கவில்லை. செத்தவர்கள் பிழைக்க வந்த ஏழைகள். நான் சொல்வது விலையைப் பற்றி. வாங்குகிறவன் ஒரு ஜோடிக்கு இவ்வளவுதான் என்று முடித்துவிட்டு, அப்புறம் ஆடிட் அனுப்பி நியாயம் பேசுகிறான். நான் கையால் தைக்கிற வேலையை ஏஜென்ட் மூலம் கிராமத்துக்கு அனுப்புகிறேன். வீட்டில் யார் தைக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

குடியாத்தம் அக்கா:
தெரிந்துகொள்ள வழி இருக்கிறது அண்ணே. ஏஜென்ட்டிடம் கொடுக்கிற சீட்டில் தைக்கிற பெண்ணின் பெயரையும் ஒரு ஜோடிக்குக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். அவள் பணம் நேராக அவள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஒருத்தியால் ஒரு நாளில் தைக்க முடிந்ததைவிட அதிகமாகச் சரக்கு திரும்பி வந்தால், அந்த வீட்டில் இன்னொரு கை இருக்கிறது. நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:
ஏஜென்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கமிஷன் வெளியே தெரிந்துவிடும்.

குடியாத்தம் அக்கா:
தெரியட்டுமே. அந்தக் கமிஷன் எவ்வளவு என்று தைக்கிறவள் ஒருநாளாவது பார்க்க வேண்டாமா? வாங்குகிற வெளிநாட்டானிடமும் அதே சீட்டைக் காட்டி, இந்தக் கூலி கட்டுப்படியாக ஜோடிக்கு எவ்வளவு கூட்டித் தருவாய் என்று கேளுங்கள். உங்கள் ஒரு யூனிட் கேட்டால் அவன் வியட்நாமுக்குப் போவான். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் சேர்ந்து கேட்டால் எங்கே போவான் என்று பார்க்கலாம். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை வைப்பீர்களா?

பாலாற்றங்கரை:
வைக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே வந்து எழுதுகிறேன். ஆனால் தடை கூடாது என்பதில் நான் மாறவில்லை.