வேதாரண்யம் பக்கம் நேர்க்கோடாக மேடுகள்: கட்டியதா, தானாக வந்ததா?

ஜியோமாணவன்: அவசரம், நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். உயரத் தரவில் ஹில்ஷேட் (ஒரு பக்கம் ஒளி விழுவது போல மேடுபள்ளத்தைக் காட்டும் நிழல் படம்) போட்டேன். கடற்கரைக்கு இணையாக மூன்று நீள மேடுகள். இவ்வளவு நேராக இருந்தால் மனிதர் கட்டியதுதானே? படம் பாதி கறுப்பாகவும் வருகிறது.

மேப்கிறுக்கன்: எந்தத் தரவு? பூமியைத் தட்டையாக்க எந்த ப்ரொஜெக்‌ஷன்? ஸ்கிரீன்ஷாட் எங்கே?

தெற்குக்காற்று: சோழர் காலக் கோட்டைக் கரையாக இருக்கும். எழுதுங்கள்.

பழையசர்வேயர்: கேள்வி கேட்கவே வராது, ரிப்போர்ட் மட்டும் நாளைக்கே வேண்டும். 4326-இலேயே, அதாவது அட்சரேகை-தீர்க்கரேகை டிகிரி முறையிலேயே விட்டிருப்பீர்கள். கிடைமட்டம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருந்தால் கறுப்பாகத்தான் வரும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு முறைக்கு மாற்றுங்கள். முதல் வகுப்புப் பாடம் இது.

ஜியோமாணவன்: எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, ஒரு கட்டம் 30 மீட்டர்.

நெய்தல்நிலம்: சோழரை விடுங்கள். அங்கே பழைய கடற்கரை மணல்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கடல் விலக விலக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. அலை போட்ட கோடும் நேராகத்தான் இருக்கும். மேட்டு மணலில் ஊரும் சவுக்கும் தென்னையும், இடைப்பள்ளத்தில் ஈரம். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எடுத்த ரேடார் தரவு, மரம் இருந்தால் வெறும் தரையைக் காட்டாது. சில மீட்டர் மேடு என்றால் பாதி தோப்பின் உயரமாகவே இருக்கலாம்.

பார்க்க வேண்டியது வேறு: இடைவெளி சீராக இல்லாமல், முனையில் விசிறி போல விரிந்தால் இயற்கை. ஒரே அகலம், செங்கோண முனை, பக்கத்திலேயே மண் எடுத்த பள்ளம் என்றால் கை வேலை. உப்பளப் பாத்திகளைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஹில்ஷேட்டில் ஒளித் திசையையும் மாற்றிப் பாருங்கள், ஒளிக்கு இணையான கோடு மறைந்துவிடும்.

தெற்குக்காற்று: அப்போ ராமர் பாலம் என்கிற ராமேஸ்வரம் பக்கத் திட்டுகள்? நாசா படத்திலேயே தெரிகிறதே!

மேப்கிறுக்கன்: மேலிருந்து எடுத்த படம் வடிவத்தைத்தான் காட்டும். யார் செய்தது, எத்தனை வயது என்றெல்லாம் அது சொல்லாது.

தெற்குக்காற்று: நம்பிக்கை இல்லாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

பழையசர்வேயர்: தனி இழை தொடங்குங்கள். மாணவரே, 1960-களின் கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். பின்னால் போட்ட ரோடும் கரையும் அதில் இருக்காது.

ஜியோமாணவன்: மாற்றிப் போட்டேன், கறுப்பு போய்விட்டது. இரண்டு மேடுகள் தெற்கே விரிகின்றன. மூன்றாவது வேதாரண்யம் கால்வாயை ஒட்டியே போகிறது, வெட்டிய மண் போல. நன்றி.

மேப்கிறுக்கன்: ஸ்கிரீன்ஷாட்?