'பணியாளர் ஒப்பந்தம்' அனுப்பியிருக்கிறார்கள்: ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர் கையெழுத்திடலாமா?

நீலமை:
வணக்கம். தனியாக லோகோ, பேக்கேஜிங் வேலைகள் செய்கிறேன். புதிய வாடிக்கையாளர் ஒருவர் விலை பேசி முடித்த பிறகு ஓர் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். தலைப்பு 'பணியாளர் ஒப்பந்தம்'. சம்பளம், விடுப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் நான் வரையும் எல்லாமே, அவர் வேண்டாம் என்று ஒதுக்கும் வரைவுகள் உட்பட, உருவான கணமே அவருக்குச் சொந்தமாம். 'திருப்தி அடையும் வரை' திருத்தங்கள். திருப்தி அடைந்து 60 நாட்கள் கழித்துப் பணம். ஓராண்டுக்கு அதே துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. "எல்லோருக்கும் இதே படிவம்தான்" என்கிறார். கையெழுத்திடலாமா?

அரைக்கோடு:
வேண்டாம். திருப்தி என்பதற்கு அளவுகோல் ஏது? அவருக்குத் திருப்தி வராதவரை உங்களுக்குப் பணமும் வராது.

பழையதூரிகை:
ஓடிவிடத் தேவையில்லை, திருத்தி அனுப்புங்கள். படிவம் அவருடையது என்பதால் அது கல்வெட்டு ஆகிவிடாது.

முதலில் அந்தத் தலைப்பு. பணியாளர் என்று எழுதிவிட்டால் மட்டும் யாரும் பணியாளர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1989இல் ஒரு சிற்பியின் வழக்கு வந்தது. ஒரு தொண்டு அமைப்பு அவரிடம் சிலை செய்யச் சொல்லி, எப்படி இருக்க வேண்டும் என்று யோசனைகளும் சொல்லியிருந்தது. பிறகு சிலையின் உரிமை யாருக்கு என்று தகராறு. நீதிமன்றம் பார்த்தது இவற்றைத்தான்: கருவிகள் அவருடையவை, பட்டறை அவருடையது, வேலை நேரம் அவர் முடிவு, கூலி வேலைக்கு இவ்வளவு என்று. ஆகவே அவர் பணியாளர் அல்லர் என்று தீர்ப்பு. உங்கள் நிலைமையும் அதுதானே?

இந்த வேறுபாட்டில்தான் பணம் இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால், பணியாளர் வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. வெளியாள் வரைந்த லோகோ அப்படித் தானாகப் போவதில்லை. பொதுவாக எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை, விவரங்கள் மாறும். ஆனால் 1886இன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிவு செய்யாமலே, வரைந்தவுடன் பதிப்புரிமை உண்டு. அதை இலவச இணைப்பாகக் கொடுக்காதீர்கள்.

எனவே 'உருவான கணமே' என்பதை அடித்துவிட்டு, 'முழுத் தொகையும் கிடைத்த நாளில், தேர்வான இறுதி வடிவத்தின் உரிமை மட்டும் மாறும்' என்று எழுதுங்கள். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் வேண்டாம். பணம் தராமல் லோகோவைப் பயன்படுத்தினால் அது வெறும் பாக்கித் தகராறு அல்ல, உரிமை மீறல் ஆகிவிடும். அப்போது பேச்சின் தொனியே மாறிவிடும். ஒதுக்கிய வரைவுகள் உங்களிடமே இருக்கட்டும். செய்த வேலையை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டும் உரிமையையும் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

லேயர்கள் பிரிந்த மூலக்கோப்பு (ஒவ்வொரு பகுதியையும் தனியாகத் திருத்தக்கூடிய கோப்பு) வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை. அதோடு ஃபாண்ட் ஃபைலையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். ஃபாண்ட் உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. பெரும்பாலான உரிமங்கள் அதைக் கைமாற்ற விடுவதில்லை. எழுத்துகளை வெளிக்கோடுகளாக, அதாவது ஃபாண்ட் இல்லாமலே தெரியும் வரைவடிவங்களாக, மாற்றிக் கொடுங்கள்.

திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் கட்டணம். முன்பணம் வராமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

வரவுசெலவு:
பணம் தாமதமாவது பற்றி மட்டும். நியூயார்க் நகரில் 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். இந்தியாவில் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாட்களை உச்ச வரம்பாக வைக்கிறது. அதைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அங்கே என்றால் 60 நாள் என்று எழுதிக்கொள்வதே செல்லாது.

நீலமை:
நன்றி. திருத்தி அனுப்பினேன். உரிமை, முன்பணம், 30 நாள் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். ஓராண்டுத் தடையை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.

பழையதூரிகை:
அவர் அஞ்சுவது இரண்டு மூன்று போட்டியாளர்களைப் பற்றித்தான் இருக்கும். அவர்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் போதும். மொத்தத் துறையையும் ஓராண்டு அடைக்க வேண்டும் என்றால், அந்த ஓராண்டில் நீங்கள் இழக்கப்போகும் வேலைக்கு ஒரு தொகையைப் போட்டு, மாதாமாதம் தரச் சொல்லுங்கள்.