பலா மரம் ஏறத் தாங்குமா, எப்படிப் பார்ப்பது?

பசறைக்காரி:
எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், மேட்டுச் சரிவில் ஒரு கிழட்டுப் பலா நிற்கிறது. அப்பாயி காலத்து மரம். போன வருடம் பின்பக்கத் தண்ணீர்க் கானை அகலமாக்க அதன் கீழ்ப்பக்க மண்ணை வெட்டினார்கள். இப்போது மேல் கவட்டில் பொலஸ், அதுதான் கறிக்கான பிஞ்சுப் பலாக்காய், காய்த்திருக்கிறது, தம்பி ஏறியே தீருவேன் என்கிறான். இலையெல்லாம் நல்ல பச்சை. விடலாமா?

கவ்வாத்துக்கத்தி:
தங்கச்சி, இலையை நம்பாதீர்கள். தண்ணீர் மேலே ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தில். நடுவயிரம் உளுத்தாலும் தலை பச்சையாகத்தான் நிற்கும்.

நான் தோட்டத்தில் சவுக்கு மரங்களுக்குக் கிளை வெட்டுகிறவன். முதலில் பார்ப்பது அடிமரத்தை. நீங்கள் சொன்ன கான் வெட்டுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கீழ்ப்பக்கம் மணிக்கட்டுப் பருமனில் வேர்கள் அறுபட்டிருந்தால் அந்த மரத்தில் நான் ஏறமாட்டேன். அப்புறம் மேட்டுப்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மண் வளைவாக வெடித்திருந்தாலோ உப்பி எழும்பியிருந்தாலோ மரம் சாயத் தொடங்கிவிட்டது. மழை விட்ட பிறகு இது நன்றாகத் தெரியும்.

அடியில் தட்டுத்தட்டாகக் காளான் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். கத்தியின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் டொம்மென்று கேட்டால் உள்ளே பொந்து. கேட்கவில்லை என்பதற்காக மரம் நல்லது என்று முடிவெடுக்கவும் கூடாது.

பலாவில் பழைய கிளை முறிந்த முண்டுகள் படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பையன்கள் அதில்தான் காலை வைப்பார்கள். உளுப்பு தொடங்குவதே அங்கேதான். உயிருள்ள கிளையிலும் அடிமரத்தை ஒட்டியே மிதிக்க வேண்டும்.

மஸ்கெலியா மழை:
தட்டுவதற்கு முன் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், அக்கா. தேயிலைக் கொழுந்து மலையில் குளவி கொட்டி உயிர் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் ஏறவே வேண்டாம்.

பசறைக்காரி:
பார்த்தேன். கூடு இல்லை, கம்பியும் இல்லை. ஆனால் மேட்டுப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறது அண்ணே. கீழே இரண்டு தடித்த வேர் அறுந்து கிடக்கிறது.

கவ்வாத்துக்கத்தி:
அப்படியென்றால் தம்பியை ஏற விடாதீர்கள். தொரட்டியால் பறிக்கிறேன் என்று கீழே நிற்கவும் விடாதீர்கள். இப்போது என் கவலை காயைப் பற்றியதல்ல, மரம் லயத்தின் மேல்தானே சாயும்! இன்றைக்கே கிராம சேவகரிடமும் தோட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள். பலாவை நாமாக வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். வெடிப்பையும் அறுந்த வேரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மண்ணும் இறங்குகிற மாதிரி தெரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். அதுவரை மழை பெய்யும் இரவுகளில் பின்பக்கக் காம்பிராவில் யாரும் படுக்க வேண்டாம், பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.