உணவக ஆய்வு முடிவு: சாலையைத் தாண்டினால் விதி மாறுவதா?

படிக்கட்டு:
ஒரு சந்தேகம். ஒரே நகர்ப்பகுதிக்குள் நான்கைந்து உள்ளாட்சிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் சுகாதார ஆய்வு முடிந்ததும் உணவக வாசலில் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்டுகிறார்கள். அடுத்ததில் பச்சை, மஞ்சள், சிவப்பு. இன்னொன்றில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். மற்றொன்றில் வாசலில் ஒன்றுமே கிடையாது, வேண்டுமானால் இணையதளத்தில் தேடிக்கொள் என்கிறார்கள். சாப்பிடப் போகிறவர் இங்கே பார்த்த பச்சையையும் அங்கே பார்த்த 88ஐயும் எப்படி ஒப்பிடுவார்? எல்லோருக்கும் ஒரே ஸ்டிக்கர் என்று கொண்டுவந்தால் தீர்ந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள்? மனு ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதற்காகத்தான் கேட்கிறேன்.

நீலமை:
பிரிட்டனைப் பாருங்கள், உங்கள் கதையேதான். 2010க்கு முன்னால் அங்கே ஒவ்வொரு கவுன்சிலும் தன் போக்கில் நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தது, ஓரிடத்தில் உச்சம் ஐந்து, வேறோரிடத்தில் மூன்று. 2010 நவம்பரில்தான் உணவுத் தரநிலைகள் முகமை 0 முதல் 5 வரை என்று ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் அதற்குள் வந்தன. ஸ்காட்லாந்து மட்டும் 'தேர்ச்சி' அல்லது 'முன்னேற்றம் தேவை' என்று தனி வழியில் போய்விட்டது.

சரி, ஸ்டிக்கர் ஒன்றாகிவிட்டது. ஆனால் வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்திலோ ஒட்டுவது உரிமையாளர் விருப்பம். அப்புறம் என்ன நடக்கும்? 5 வாங்கியவர் கண்ணாடியில் ஒட்டுவார், 1 வாங்கியவருடைய ஸ்டிக்கர் மேஜை டிராயருக்குள் போகும். வெறும் கண்ணாடியைப் பார்த்து 'இங்கே ஏன் ஒன்றுமில்லை' என்று யோசிக்கிறவர் எத்தனை பேர், அதுவும் பசியோடு? மனுவில் முதலில் 'கட்டாயம் ஒட்ட வேண்டும்' என்று எழுதுங்கள். எழுத்தா எண்ணா வண்ணமா என்பதெல்லாம் பிறகு.

கரண்டிக்காரன்:
அது பாதிதான். வேறு வேறு உள்ளாட்சிக்குள் இருந்த இரண்டு கிளைகளின் சமையலறையை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே குறை, குளிர்பெட்டி இரண்டு டிகிரி கூடுதலாக இருந்தது. ஓர் ஆய்வாளர், தன் கண் முன்னாலேயே பொருளை வேறு பெட்டிக்கு மாற்றியதைப் பார்த்து 'அங்கேயே சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனார், புள்ளி எதுவும் குறையவில்லை. இன்னொருவர் பெரிய குறை என்று வெட்டித் தள்ளினார். (அவர் செய்ததுதான் நியாயம் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.)

அப்புறம் மறு ஆய்வு. கனடாவின் டொரோன்டோவில் மஞ்சள் அட்டை வாங்கினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் திரும்ப வருவார்கள். எங்கள் கிளை ஒன்றில் வாரக்கணக்கில் யாரும் வரவில்லை, என்றைக்கோ சரிசெய்த குறைக்காகக் கெட்ட அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். நியூயார்க் நகரத்தில் இன்னொரு விதம், அங்கே குறைக்குத்தான் புள்ளி, கூடக் கூட மோசம்: 13 புள்ளி வரை ஏ, 14 முதல் 27 வரை பி, ஆனால் முதல் வருகையில் ஏ வராவிட்டால் உடனே கிரேடு போட மாட்டார்கள், இரண்டாம் முறை வந்து பார்த்துத்தான் போடுவார்கள். அதிலும் பி வந்தால் விசாரணை முடியும்வரை 'கிரேடு நிலுவையில்' அட்டையை மாட்டிக்கொள்ளலாம். அந்த ஏயும், முதல் வருகையிலேயே கொடுத்துவிடுகிற ஊரின் ஏயும் ஒன்றா?

வரப்பு:
அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியை (கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) யாரும் சொல்லவில்லையே. 1998 தொடக்கத்தில் ஏ, பி, சி அட்டை வந்தபோது கவுன்ட்டியின் சட்டம் எந்த நகராட்சிக்கும் உட்படாத பகுதிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. உள்ளே இருக்கும் 88 நகரங்களும் தனித்தனியாகத் தீர்மானம் போட்டால்தான் உண்டு. பெரும்பாலானவை போட்டன. ஆனால் லாங் பீச், பாசடீனா போன்றவற்றுக்குச் சொந்தச் சுகாதாரத் துறையே இருக்கிறது, அவை கவுன்ட்டி சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே யாரிடம் மனு கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள், அதிகாரமே இல்லாதவரிடம் கொடுத்து அலைய வேண்டாம்.

அந்த அட்டையால் உணவு வழி நோய்க்கு மருத்துவமனை போனவர்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தார்கள் என்று ஜின், லெஸ்லி என்ற பொருளியலாளர்கள் 2003இல் எழுதினார்கள். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நீங்களும் காட்டப் போகிறீர்கள். 2019இல் வேறு சிலர் அதே விவரங்களைத் தோண்டிப் பார்த்து அட்டையால்தான் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், எதிராளி எடுத்து நீட்டுவதற்கு முன்னால்.

கரண்டிக்காரன் சொன்ன ஆய்வாளர் பிரச்சினை சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டியிலும் வந்தது. இரண்டு இரண்டு பேராக ஒரே சமையலறைக்கு அனுப்பிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் இருவர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. அதனால் 2017இல் சிரிப்பு முகம் ஒட்ட ஆரம்பித்தபோது, கடைசி நான்கு ஆய்வுகளின் சராசரியை எடுத்து, அதே அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் இருக்கும் மற்ற உணவகங்களோடு ஒப்பிட்டு முகத்தை முடிவு செய்தார்கள். கண்டிப்பான ஆய்வாளர் வரும் பகுதியில் அக்கம்பக்கத்தாருக்கும் புள்ளி போயிருக்கும் என்பதால் அவரிடம் மாட்டியவர் தப்பிக்கிறார், ஆனால் ஒரே அளவு புள்ளி இழந்த இரண்டு பேர் வேறு வேறு பகுதியில் வேறு வேறு முகத்தோடு நிற்கலாம்.

கடுகு:
எனக்கென்னவோ ஒரே ஸ்டிக்கரே தேவையில்லை என்று தோன்றுகிறது. எல்லோரும் உட்கார்ந்து பேசினால் இருப்பதில் மிகத் தளர்வான விதிக்குத்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், ஏற்கெனவே கறாராக இருக்கும் ஊர் இறங்கி வர வேண்டியிருக்கும். டொரோன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2018 முதல் ஆய்வு முடிவை ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது, எந்த வடிவம் என்பதை அந்தந்தச் சுகாதார அமைப்பிடம் விட்டுவிட்டது. டொரோன்டோ 2001 முதல் வைத்திருந்த மூவண்ண அட்டையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கரண்டிக்காரன்:
வடிவத்தை விட்டுவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுப் படிவத்தை விடக்கூடாது. எது பெரிய குறை, எது சின்னக் குறை, அங்கேயே சரிசெய்தால் என்ன கணக்கு, எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும், இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் மேலே என்ன வண்ணம் பூசினாலும் எனக்குக் கவலையில்லை.

படிக்கட்டு:
நன்றி. மனுவைத் திருப்பிப் போட்டுவிட்டேன்: முதலில் கட்டாயம் ஒட்டுவது, அப்புறம் பொதுப் படிவமும் மறு ஆய்வுக் கெடுவும், ஸ்டிக்கர் கடைசியில். ஒன்று விட்டுப்போயிற்று. நடமாடும் உணவு வண்டிகள் காலையில் ஓர் உள்ளாட்சி, மாலையில் இன்னொன்று என்று ஓடுகின்றனவே, அவற்றுக்கு யார் கிரேடு போடுவது?

நீலமை:
பிரிட்டனில் வண்டி எந்தக் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதோ அதன் ரேட்டிங்தான், எங்கே நிறுத்தினாலும். அதையே எழுதுங்கள்.