ஹட்டன் பக்கம் வீட்டு இன்டர்நெட்: “ஜிபி எவ்வளவு”ன்னு வகுத்துப் பாத்தா போதுமா?

கொப்பர்வயர்
லயம்7 நேத்து எழுதினதை அப்படியே போடுறேன்: “மாசக் கட்டணத்தை மொத்த ஜிபியால வகுங்க, எது குறையுதோ அதுதான் லாபம். மலையகத்துக்கு 4ஜி ரவுட்டர் போதும், பைபர் எல்லாம் டவுன்காரங்க விளையாட்டு.” இதுக்கு ஆளாளுக்கு கைதட்டல் வேற.

மொத்த ஜிபிங்கிறதுல பெரும்பகுதி இரவு டேட்டாவா இருக்கிற பெக்கேஜ் எத்தனை? ஒரு கணக்குக்கு 100 ஜிபி 2,000 ரூபான்னு வைங்க (எந்தக் கம்பனி விலையும் இல்ல, சும்மா எண்). அதுல 40 எந்நேரமும், 60 இரவு டேட்டா, நள்ளிரவுல இருந்து காலை வரைக்கும் மட்டும். லயம்7 கணக்குல ஜிபி 20 ரூபா. பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளை சூம் வகுப்புல உக்காந்திருக்கிற வீட்டுக்கு ஜிபி 50 ரூபா. இரவு டேட்டாவைக் கணக்குல சேக்காதீங்க. இவ்வளவுதான்.

லயம்7
இரவு டேட்டாவும் டேட்டாதான். ஓசியிலயா தர்றான்? தோட்டத்துல நாலரைக்கே அடுப்பு எரியும். பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்க) போக முந்தி போன் பாக்குற சனம் எல்லாம் இரவு டேட்டாலதான் பாக்குது. அண்ணன் எட்டு மணிக்கு எந்திரிச்சா அதுக்கு நான் என்ன செய்ய?

மஸ்கெலியா மழை
பைபர் டவுன்காரங்க விளையாட்டுன்னு சொன்னதுதான் எனக்கு எரியுது. வந்தா எடுக்க மாட்டோமா? கேபிள் இழுக்கக் கம்பம் வரணும், தோட்டத்துக் காணிக்குள்ள கம்பம் நட நிர்வாகம் சம்மதிக்கணும்.

டீச்சர்_பசறை
இரு ஐயாமாருக்கும் பணிவான வேண்டுகோள்: அது “பெக்கேஜ்” அல்ல, “பொதி”. விளம்பர விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியே 18 சதவீதம். அதைச் சேர்க்காமல் வகுத்தால் இருவர் கணக்கும் பிழை.

லயம்7
டீச்சர், பொதின்னா சந்தைக்குப் போற மூட்டை. பெக்கேஜ்னா எல்லாருக்கும் விளங்குது.

கொப்பர்வயர்
வரி விசயம் சரி டீச்சர். ரவுட்டர் விலையையும், புதுக் கனெக்ஷன் கட்டணத்தையும் 24 மாசத்தால வகுத்து மாசக் கட்டணத்தோட கூட்டணும். யாரும் செய்யிறதில்ல.

லயம்7 தம்பி, நாலரைக்கு எந்திரிச்சு அரை மணித்தியாலம் போன் பாத்தா எவ்வளவு போகும்? எச்டி படமே மணித்தியாலத்துக்கு 3 ஜிபி சுமார். பெரட்டுக்கு முந்தி படமா பாக்குறாங்க? முகப்புத்தகம் பாத்தா 200 எம்பி. 60 ஜிபி இரவு டேட்டாவுல மாசம் 6 ஜிபி தீரும். மிச்சம் 54 மாசக் கடைசியில ஆவியாப் போகும். பாவிக்காத டேட்டாவை எதுக்கு வகுக்கிறீங்க?

லயம்7
பாவிக்கத் தெரிஞ்சவன் பாவிப்பான். யூடியூப்ல பாடம் எல்லாத்தையும் படுக்கப் போக முந்தி தெரிஞ்செடுத்து, காலையில எந்திரிச்சதும் ஒரே தட்டுல டவுன்லோட். விண்டோஸ்ல வைஃபையை “மீட்டர்ட்”ன்னு மாத்திட்டா பகல்ல பெரிய அப்டேட் இறங்காது. விடிய எந்திரிச்சு அதை எடுத்துவிட்டு இறக்கிக்கலாம். ப்ளே ஸ்டோர்ல தானா அப்டேட் ஆகிறதை நிப்பாட்டி, காலையில கையால குடுக்கலாம். அந்த நேரம் டவர்ல கூட்டமும் இல்ல. ஒரே ரவுட்டர், அதே இடம், வேகம் ரெண்டு மடங்கு. இரவு டேட்டா பகல் டேட்டாவை விட நல்ல டேட்டா!

கொப்பர்வயர்
நேரடி வகுப்பை எப்பிடி தம்பி விடியக்காலையில டவுன்லோட் செய்வீங்க? சாமி, இதுக்கு ஒரு பதில் குடுங்க.

ஊவாக்காரன்
நல்லம், நல்லம். போன மாசம், கரண்ட் போனா சின்ன யூபிஎஸ் பெட்டரி ரவுட்டரை எவ்வளவு நேரம் ஓட்டும்ங்கிற விவாதத்துலயும் இவங்க ரெண்டு பேரும்தான். அன்னைக்கும் முடிவு இல்ல.

கொப்பர்வயர்
யூபிஎஸ்ல நான் சொன்னதுதான் சரி. ரவுட்டர் 12 வோல்ட் 1 அம்பியர், கூடிப்போனா 12 வாட். சின்ன யூபிஎஸ் 8,800 எம்ஏஎச்னு பெட்டியில இருந்தா அது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் பெட்டரிக்கு. அதாவது 32 வாட்-அவர். ரெண்டு மணித்தியாலம் சொச்சம். டவர் பெட்டரி இறங்கிட்டா உங்க யூபிஎஸ் ரவுட்டர் லைட்டை மட்டும்தான் எரிக்கும்.

சரி, விசயத்துக்கு வாறேன். ஜிபி விலைக்கு முந்தி சிக்னல். கோடு எத்தனைன்னு பாக்காதீங்க, அது பொய். ரவுட்டர் பக்கத்தைத் திறங்க (அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், அனேகமா 192.168.8.1, இல்லாட்டி 192.168.1.1). ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் எவ்வளவு பலம்), எஸ்ஐஎன்ஆர் (இடைஞ்சலுக்கு நடுவுல எவ்வளவு தெளிவு) ரெண்டையும் எழுதிக்குங்க. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90ஐ விட நல்லா இருந்தா சந்தோசம், மைனஸ் 110ஐ விட மோசமா இருந்தா வேற கம்பனி சிம் போட்டுப் பாருங்க. எஸ்ஐஎன்ஆர் 13க்கு மேல வேணும். மலை உச்சியில வீடு உள்ளவங்க ஏமாறுறது இங்கதான். உச்சிக்கு அஞ்சாறு டவர் ஒரே நேரம் தெரியும், ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 82 காட்டும், எஸ்ஐஎன்ஆர் 2. கோடு முழுசு, வேகம் பூச்சியம்.

பள்ளத்துல வேற கதை. டவர் எந்த பேண்ட்ல (அலைவரிசையில) தருதுன்னு பாருங்க. பேண்ட் 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், மலை மறைச்சா மறைச்சதுதான். பேண்ட் 3, 1800, கொஞ்சம் தாங்கும். பேண்ட் 8, 900, வளைஞ்சு வரும், ஆனா அகலம் குறைவு, வேகம் வராது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரக் கூரைக்கு அடியில அலுமாரி மேல ரவுட்டரை வச்சிட்டு கம்பனியைத் திட்டக் கூடாது. டவர் பக்கத்து ஜன்னல்ல வைங்க.

அளவு எடுக்கிறது இரவு எட்டு மணிக்கு. காலையில எடுத்தா எல்லாருக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். நுவரெலியாவுல ஏப்ரல். அந்த நாள்ல ஒருக்கா அளந்தவனுக்குத்தான் உண்மை தெரியும்.

மஸ்கெலியா மழை
வெளி அன்டெனா போட்டா சரியாகும்னு கடையில சொல்றானே?

கொப்பர்வயர்
சொல்லுவான். வாங்க முந்தி ரவுட்டர் பின்னால அன்டெனா வயர் மாட்டுற எஸ்எம்ஏ துளை ரெண்டு இருக்கான்னு பாருங்க. அன்டெனா ஒண்ணு போதாது, ரெண்டு வேணும், ஒண்ணுக்கொண்ணு குறுக்கா 45 பாகை சாய்ச்சு. கேபிள்தான் ஆளை விழுத்தும். மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 2300ல மீட்டருக்கு ஒரு டெசிபெல் (டிபி) அளவு சிக்னலைத் தின்னும். கூரையில இருந்து 10 மீட்டர் இழுத்தா அன்டெனா தந்த லாபம் முழுக்க கேபிளுக்கு. எல்எம்ஆர்400 கேபிள் மீட்டருக்கு கால் டிபி கூட இல்ல, ஆனா விலையும் தடிப்பும் கூட. புத்தியுள்ள வேலை, ரவுட்டரை அன்டெனாவுக்குப் பக்கத்துல வச்சு, கீழ வீட்டுக்கு லேன் கேபிள் இறக்கிறது. அது 100 மீட்டர் வரைக்கும் ஓடும்.

கொழும்பு13
இவ்வளவு சிரமம் ஏன்? சாட்டிலைட் இன்டர்நெட், ஸ்டார்லிங்க், 2025 ஜூலையில இலங்கைக்கு வந்தாச்சு. தட்டைக் கூரையில வைங்க, முடிஞ்சது.

லயம்7
வந்துட்டாரு கொழும்புல இருந்து புத்தி சொல்ல.

கொழும்பு13
புத்தி சொல்லக் கொழும்பு, மலையகம்னு பாக்கணுமா? கோபம் எதுக்கு தம்பி.

கொப்பர்வயர்
கரண்ட் பில்லைப் பாத்தீங்களா? சாதாரணத் தட்டு 75 வாட்ல இருந்து 100 வாட் வரைக்கும் இழுக்கும், இருபத்திநாலு மணித்தியாலமும். மாசம் 54 தொடக்கம் 72 யூனிட். இங்க பாதி வீடு மாசம் 60 யூனிட்டுக்குள்ள நிக்கிறது தற்செயல் இல்ல. 60ஐத் தாண்டினா முதல் யூனிட்ல இருந்தே வேற கட்டண வரிசை. தட்டுக் காசோட இதையும் கூட்டுங்க. அப்புறம், 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுற அலை, தென்மேற்கு மழை கொட்டும்போது விட்டு விட்டு வரும். 4ஜிக்கு மழை ஒரு பொருட்டே இல்ல. சுத்தி டர்பன்டைன் மரம் நின்னா தட்டுக்கு வானமும் தெரியாது.

கொழும்பு13
வேற வழியே இல்லாத பங்களாவுக்குச் சொன்னேன்.

லயம்7
பாருங்க, பங்களாவுக்குத்தான் சொல்லியிருக்காரு. லயத்துக்கு நான் சொன்னது. இரவு டேட்டாவும் டேட்டாதான்.

மஸ்கெலியா மழை
பைபர் பத்தி நான் சொல்றேன், கொப்பர்வயருக்குக் கொப்பர் (செம்புக் கம்பி) தானே தெரியும். வீட்டுப் பெட்டியில “எல்ஓஎஸ்” சிவப்பு மின்னினா லைன்ல வெளிச்சம் இல்ல, ரவுட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பிரயோசனம் இல்ல. ஒளி அளவு மைனஸ் 27 டிபிஎம்தான் எல்லை. போட வந்தவரை மீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க, மைனஸ் 25ஐ விட மோசமா இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. 32ஆ பிரிக்கிற ஸ்பிளிட்டர்லயே 17 டிபி போயிடும், மிச்சம் இணைப்பிலயும் மடிப்பிலயும். கதவு நிலையில கேபிளை மடக்கி ஆணி அடிச்சா அங்கயே செத்துச்சு.

கொப்பர்வயர்
கொப்பர்தான் தெரியுமா? கொப்பர் தெரிஞ்சதாலதான் பைபர் எடுக்கச் சொல்றேன். ஏடிஎஸ்எல்ல, அதாவது டெலிபோன் கொப்பர் வயர்ல வர்ற இன்டர்நெட்ல, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து கிலோமீட்டருக்கு 13.8 டிபி தேயும்னு ஒரு பழைய கணக்கு. நாலு கிலோமீட்டர்ல 55 டிபி. 24 எம்பிபிஎஸ்னு பேரு, மூணு நாலு வந்தா கும்பிடணும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் இடிக்கு மொடமும் போகும். ஆக, கேட்டுக்குங்க: கம்பம் வாசல்ல நின்னா பைபர், யோசிக்கவே வேணாம். அன்லிமிட்டட் எடுத்தா “பாவனை எல்லை” தாண்டின பிறகு வேகம் எத்தனைன்னு எழுத்துல வாங்குங்க. 10 எம்பிபிஎஸ்னா மணித்தியாலத்துக்கு 4.5 ஜிபி ஓடும், ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 1 எம்பிபிஎஸ்னா அது அன்லிமிட்டட் இல்ல, தண்டனை. அங்க இரவு, பகல்ங்கிற கதையே கிடையாது.

லயம்7
கம்பம் வாசல்ல நிக்கிறவனுக்கு இந்தப் பதிவு எதுக்கு? கம்பம் இல்லாதவன் கேக்குறான்.

டீச்சர்_பசறை
லயத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும்போது கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் ஒன்று கையில் வைத்திருங்கள். பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. ஏர்டெல்லும் 2024இல் டயலொக்குடன் சேர்ந்தபின் தெரிவுகள் குறைந்துவிட்டன, ஆகவே சிம் மாற்றிப் பார்ப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். மீண்டும்: பொதி.

ஊவாக்காரன்
பொதி டீச்சர், பொதி.

கொப்பர்வயர்
லயம்7, ஒரே ஒரு வேலை. உங்க வீட்டு ரவுட்டர்ல ரெண்டு எண்ணையும் எடுத்துப் போடுங்க. அப்புறம் கதைப்போம்.

லயம்7
எடுத்தாச்சு. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 88, எஸ்ஐஎன்ஆர் 17. இப்ப என்ன சொல்றீங்க?

கொப்பர்வயர்
எத்தனை மணிக்கு எடுத்தது?

லயம்7
காலையில நாலே முக்காலுக்கு. இரவு டேட்டாவுலதான்.